விளையாட்டுத் தொழிலும் ஜப்பான் பயணமும்

சென்ற பொங்கல் விழா முடிந்த இரவு. மண்டபத்தில் பாய்களைச் சுருட்டி, நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தோம். மாட்டுங்காவிலிருந்து வரும் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மனைவியார் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார்.

"ஐயா, ஒரு விஷயம் கேட்க வேண்டும். என் மகன் ஜப்பானுக்குப் போய் விளையாட்டுச் செய்யப் போகிறேன் என்கிறான். அது வேலையா, விளையாட்டா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்றார்.

அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. யாரோ ஒரு தரகர் கொடுத்தது. ஜப்பானில் மொழிப் பள்ளியில் இடம், படிக்கும்போதே பகுதி நேர வேலை, இரண்டே ஆண்டுகளில் பெரிய வீடியோ விளையாட்டுக் கம்பெனியில் உத்தியோகம் என்றெல்லாம் அழகாக அச்சிட்டிருந்தது. முன்பணமாக மூன்று லட்சம் ரூபாயை மாதக் கடைசிக்குள் கட்டிவிட வேண்டுமாம்.

"என் வளையல்கள் நான்கும் இருக்கின்றன. அடகு வைத்துக் கொடுத்துவிடலாமா, சொல்லுங்கள்" என்று கேட்டார் அந்த அம்மையார்.

அன்றே விடை கூற நம்மால் இயலவில்லை. பத்து நாள் தவணை கேட்டுக்கொண்டோம். அந்நாட்களில் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். இதே கேள்வி நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று எழுந்திருக்கிறது. மகன் கேட்கிறான், மகளும் கேட்கிறாள். கேட்பவர்க்கு ஆசை மிகுதி. கேட்கப்படுபவர்க்கு அச்சம் மிகுதி. இரண்டுக்கும் நடுவே உண்மை நிலை இன்னது என்று தெரிந்துகொள்வது நலம்.

இது ஒரு தொழிலா?

தொழில்தான், ஜப்பானில் பழைய தொழிலும் ஆகும். நின்டெண்டோ என்னும் கம்பெனியின் பெயரை நம் குழந்தைகள் அறிவார்கள். அது 1889-ல் கியோட்டோ நகரில் ஃபுசாஜிரோ யாமவுச்சி என்பவர் தொடங்கிய சீட்டுக்கட்டுக் கடை. பூக்கள் வரைந்த 'ஹனாஃபுடா' என்னும் சீட்டுகளைக் கையால் செய்து விற்ற குடும்பம் அது. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் சீட்டும் பொம்மையுமாக வளர்ந்து, பிறகு மின்னணு யந்திரங்களுக்கு வந்தது.

1978-ல் டைட்டோ கம்பெனி 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. 1980-ல் நாம்கோ கம்பெனியின் 'பாக்மேன்' வந்தது. 1983-ல் நின்டெண்டோ வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் 'ஃபாமிகாம்' யந்திரத்தை விற்கத் தொடங்கியது. 1994-ல் சோனி 'பிளேஸ்டேஷன்' கொண்டுவந்தது. இவ்வாறு உலகச் சிறுவர்களின் மாலைப் பொழுதுகளை ஜப்பான் தன்வசப்படுத்திக் கொண்டது.

இத்தொழில் ஒரே நகரில் குவிந்திருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். டோக்கியோவில் ஸ்கொயர் எனிக்ஸ், சேகா முதலியவை, ஒசாகாவில் காப்காம், கியோட்டோவில் நின்டெண்டோ, தெற்கே ஃபுகுவோகாவில் லெவல் ஃபைவ். எந்தக் கம்பெனியில் வேலை கிடைக்கிறதோ அதைப் பொறுத்து வாழும் ஊரும் வாழ்க்கைச் செலவும் மாறும்.

வேலை எப்படிப்பட்டது? சினிமா எடுப்பதை நாம் அறிவோம். கதை எழுதுபவர் ஒருவர், அரங்கம் அமைப்பவர் ஒருவர், பாட்டமைப்பவர் ஒருவர், எல்லாவற்றையும் இணைப்பவர் ஒருவர். வீடியோ விளையாட்டும் அதுபோன்றதே. பெரிய ஆட்டம் ஒன்றை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்கிறார்கள். கணினிக்கு ஆணை எழுதுவோர் புரோகிராமர்கள். உருவங்களையும் காட்சிகளையும் வரைவோர் ஒரு சாரார். இசையும் ஒலியும் சேர்ப்போர் ஒரு சாரார். பிழை கண்டுபிடிக்க ஆடிப் பார்ப்போர் ஒரு சாரார்.

இங்கே ஒரு சொல் மயக்கம் உண்டு. ஆட்டத்தின் விதிகளையும் போக்கையும் வகுப்பவரை மற்ற நாடுகளில் 'கேம் டிசைனர்' என்பார்கள். ஜப்பானியக் கம்பெனிகளில் அவர் பெயர் 'பிளானர்'. அங்கே 'டிசைனர்' என்றால் பெரும்பாலும் ஓவியர் என்றே பொருள். இது தெரியாமல் விண்ணப்பித்தால், விதி வகுக்க விரும்பும் பிள்ளை ஓவியர் பதவிக்கு மனு அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருப்பான்.

அயலாருக்கு இடம் உண்டா?

உண்டு. இத்தொழிலின் தொடக்கத்திலேயே அயலார் இருந்திருக்கிறார்கள். மேலே சொன்ன டைட்டோ கம்பெனியை 1953-ல் நிறுவியவர் ஒடெஸாவில் பிறந்த மைக்கேல் கோகன். ஆம்ஸ்டர்டாமில் பிறந்த ஹெங்க் ரோஜர்ஸ் ஜப்பானில் குடியேறி, 1984-ல் 'பிளாக் ஆனிக்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். ஈரானில் பிறந்த நாசிர் கெபெல்லி, 1987-ல் வெளிவந்த 'ஃபைனல் ஃபான்டஸி' ஆட்டத்திற்குப் புரோகிராம் எழுதினார். அடுத்த பாகங்கள் உருவாகும்போது அவருடைய வேலை விசா முடிந்துபோயிற்று. அவர் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. உடன் உழைத்த ஜப்பானியர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அவர் இருக்கும் ஊருக்கே போய் வேலையை முடித்தார்கள். கைத்திறன் இருந்தால் கம்பெனியே தேடி வரும் என்பதற்கும், விசாத் தேதியை மறந்தால் வேலை நடுவழியில் நிற்கும் என்பதற்கும் இவ்வொரு நிகழ்ச்சியே சான்று.

பிரிட்டனைச் சேர்ந்த டிலன் கத்பர்ட் இளம் வயதிலேயே கியோட்டோ வந்து, நின்டெண்டோவின் 'ஸ்டார் ஃபாக்ஸ்' (1993) ஆட்டத்தில் பணிபுரிந்தார். 2001-ல் அதே நகரில் கியூ-கேம்ஸ் என்ற தம் சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்.

இவர்களுக்குள் ஒரு பொதுமை உண்டு. வேலை கேட்டு வெறுங்கையோடு வந்தவர் எவருமில்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைச் செய்து காட்டக்கூடியவராக இருந்தார். இன்றும் ஜப்பானியக் கம்பெனிகள் விண்ணப்பத்தோடு கேட்பது அதைத்தான். தானே செய்த ஆட்டம் ஒன்று, தானே எழுதிய புரோகிராம், தானே வரைந்த படத்தொகுதி ஆகியவற்றைப் பார்த்தே நேர்முகத் தேர்வுக்கு அழைக்கிறார்கள்.

எதைச் செய்வது என்று மயங்க வேண்டியதில்லை. மாரியோவைப் படைத்த ஷிகேரு மியமோட்டோ, கியோட்டோவுக்கு அருகே தாம் வளர்ந்த கிராமப்புறத்தில் குன்றுகளிலும் குகையிலும் சுற்றித் திரிந்த நினைவே 'செல்டா' (1986) ஆட்டத்திற்கு வித்து என்று சொல்லியிருக்கிறார். 1996-ல் வெளிவந்த 'போக்கிமான்' ஆட்டத்தைப் படைத்த சடோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். அந்தப் பழக்கமே ஆட்டமாயிற்று. அவரவர் ஊரும் இளமையும்தான் மூலதனம்.

அம்மையாரின் மகனை நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தோம். தான் செய்தது ஏதேனும் உண்டா என்று கேட்டோம். வெட்கத்தோடு மடிக்கணினியைத் திறந்தான். ஆடு புலி ஆட்டம்! மூன்று புலி, பதினைந்து ஆடு. கோடைவிடுமுறையில் ஊருக்குப் போனபோது திண்ணையில் பாட்டியிடம் கற்றதாம். பாட்டி திண்ணையில் சாக்பீஸால் வரைந்த கோடுகள் திரையிலும் அப்படியே சற்றுக் கோணலாக இருந்தன. புலி ஆட்டைத் தாண்டும்போது ஒரு மணியோசை. சங்கத்து முதியவர்கள் நால்வர் அவனைச் சூழ்ந்துகொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் ஆடி, மதிய உணவை மறந்துவிட்டார்கள். மகன் பொழுதைப் பாழாக்குகிறான் என்று எண்ணியிருந்த தாயார், கதவருகே நின்று இதைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

மொழியே வாயில்

திறமை இருக்கிறது. பிறகு ஏன் உடனே புறப்படக் கூடாது? அங்கேதான் மொழி குறுக்கே நிற்கிறது.

நம் பெற்றோரும் பாட்டனாரும் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் இந்நகருக்கு வந்து இறங்கிய காலத்தை எண்ணிப் பாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவரும், தட்டச்சுத் தெரிந்தவரும், சமையல் தெரிந்தவரும் வந்தார்கள். முதலில் தவித்தது மொழிக்காகத்தான். சந்தையில் இந்தியும் அலுவலகத்தில் ஆங்கிலமும் அண்டை வீட்டில் மராத்தியும் பேசக் கற்ற பிறகே அவர்களுக்கு இவ்வூர் தம் ஊராயிற்று. ஜப்பானில் இந்த உண்மை இன்னும் கடுமையானது. ஆங்கிலம் நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது.

ஆட்டம் ஒன்றை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை விவரிக்கும் குறிப்பேட்டை அங்கே 'ஷியோஷோ' என்கிறார்கள். அது ஜப்பானிய மொழியில் இருக்கும். காலைக் கூட்டம் ஜப்பானிய மொழியில் நடக்கும். பிழை பற்றிய அறிக்கையும் அம்மொழியிலேயே வரும். ஆங்கிலத்தில் வேலை செய்யும் ஸ்டூடியோக்கள் சில உண்டு; அவற்றை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும் அளவுக்கு அவை மிகுதியல்ல.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஐந்து நிலைகளாக நடைபெறுகிறது. என்-5 தொடக்க நிலை. என்-1 உச்ச நிலை. கம்பெனிகள் பலவும் என்-2 அல்லது அதற்கு ஈடான திறமையை எதிர்பார்க்கின்றன. இத்தேர்வை எழுத ஜப்பான் போக வேண்டியதில்லை. மும்பை, புது டெல்லி, கொல்கத்தா, சென்னை, புனே, பெங்களூரு ஆகிய நகரங்களிலேயே எழுதலாம். ஜூலையிலும் டிசம்பரிலும் தேர்வு நடக்கும் பருவங்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்னும் அமைப்பு நெடுங்காலமாக இம்மொழியைக் கற்பித்து வருகிறது.

எழுத்துதான் மலை. ஹிரகானா, கத்தகானா என இரு வரிசைகள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46. இவற்றை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். ஆனால் பொதுப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசாங்கம் வகுத்த சித்திர எழுத்துகள் 2,136. தினம் மூன்று எழுத்து என்று தவறாமல் படித்தாலும் இரண்டு ஆண்டுகள் ஆகும்.

எழுத்து மலையானால் இலக்கணம் நமக்குச் சமவெளி. தமிழர் மகிழத்தக்க செய்தி இது. 'நான் நேற்று சோறு உண்டேன்' என்பதை அவர்கள் 'வதாஷி வா, கினோ, கோஹான் ஓ, தபேமாஷிதா' என்பார்கள். சொற்கள் நிற்கும் வரிசை நம்முடையதே. வினை கடைசியில் வருகிறது. நம் வேற்றுமை உருபுகளைப் போலவே பெயருக்குப் பின்னே சிறு சொற்கள் ஒட்டுகின்றன. 'ஓ' நம் 'ஐ' போல. 'நி' நம் 'கு' போல. 'கரா' நம் 'இலிருந்து' போல. 'கோஹான்' என்பது சோற்றையும் குறிக்கும், வேளை உணவையும் குறிக்கும். நீ, நீங்கள் என்று நாம் மரியாதை பார்ப்பது போல அவர்களும் வினையிலேயே மரியாதை காட்டுகிறார்கள். சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர், தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுடையவை என்றுகூட எழுதினார். மொழியியலார் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமற் போகட்டும். ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்துப் படிக்காமல் தமிழ் வழியாகவே நினைத்துப் படித்தால் பாதிச் சுமை குறையும்.

சர்க்கார் விதிகள்

வீடியோ விளையாட்டுத் துறையில் பணியாற்றப் போகிறவருக்குப் பெரும்பாலும் வழங்கப்படுவது 'பொறியியல், மானிடவியல், சர்வதேசச் சேவை' என்னும் வகை வேலை அனுமதி. அதற்கு வேலையோடு தொடர்புள்ள பட்டப்படிப்பு வேண்டும். அல்லது அத்துறையில் 10 ஆண்டு அநுபவம் வேண்டும். ஒரே வேலைக்கு ஜப்பானியருக்குக் கொடுக்கும் ஊதியத்துக்குக் குறையாமல் அயலாருக்கும் கொடுக்க வேண்டும் என்பது விதி. பட்டம் இல்லாத கணினிப் பொறியாளர்க்கும் ஒரு வழி உண்டு. முன்னாளில் டோயக் என்றும் இந்நாளில் நீலிட் என்றும் வழங்கும் நம் நாட்டு நிறுவனத்தின் ஏ, பி, சி நிலைத் தேர்வுகளை ஜப்பான் இதற்கென ஏற்றுக்கொண்டிருக்கிறது.

முறை இதுதான். முதலில் கம்பெனி வேலை தருவதாக எழுத்தில் உறுதி கூறும். பிறகு அக்கம்பெனியே ஜப்பானியக் குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும். அது வந்தபின் நாம் இங்குள்ள ஜப்பானியத் தூதரகத்தின் வழியே விசா பெறுவோம். வேலை கிடைக்கும் முன்னரே வேலை விசா வாங்கித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால், அச்சொல்லிலேயே பொய் இருக்கிறது.

தரகரின் காகிதத்தில் இருந்தது வேறு வழி. மாணவர் விசாவில் போய் மொழிப் பள்ளியில் சேர்வது. இது சட்டத்துக்கு உட்பட்ட வழிதான். மொழி கற்று, பிறகு இரண்டாண்டுத் தொழிற்பள்ளியில் விளையாட்டு உருவாக்கம் படித்து, வேலையில் அமர்ந்தவர்களும் உண்டு. ஆனால் மாணவர்க்குத் தனி அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் மட்டுமே வேலை செய்ய உரிமை உண்டு. அதை மீறினால் விசா நீட்டிப்பு நின்றுபோகலாம். அந்த வருமானத்தில் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் கட்டி, இங்கே வாங்கிய கடனையும் அடைப்பது நடவாத காரியம். படிப்பு முடிந்ததும் பெரிய கம்பெனியில் வேலை நிச்சயம் என்று வாக்களிக்க எந்தப் பள்ளிக்கும் அதிகாரமில்லை. தரகருக்கு எங்கிருந்து வந்தது?

2019-ல் ஏற்பட்ட 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' திட்டத்தைச் சொல்லியும் சிலர் ஆசை காட்டுகிறார்கள். அது முதியோர் பராமரிப்பு, வேளாண்மை, கட்டுமானம் போன்ற தொழில்களுக்கானது. வீடியோ விளையாட்டு அதில் இல்லை. மேலும், ஜப்பானிய சட்டப்படி வேலை தேடித் தரும் நிறுவனம் பொதுவாகக் கம்பெனியிடம்தான் கட்டணம் வாங்கும். வேலை தேடுபவரிடம் வாங்காது.

ஊதியமும் உழைப்பும்

அமெரிக்க ஊதியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஜப்பான் செல்பவர் ஏமாறுவார். எனினும் அண்மையில் கம்பெனிகள் ஊதியத்தை உயர்த்தி வருகின்றன. நின்டெண்டோ 2023-ல் அடிப்படை ஊதியத்தை 10 சதவீதம் உயர்த்தியது. காப்காம், 2025 ஏப்ரல் முதல் புதிதாகச் சேரும் பட்டதாரிகளின் தொடக்க ஊதியத்தை மாதம் 2,35,000 யென்னிலிருந்து 3,00,000 யென்னாக்கியது. அவ்வாண்டில் ஒரு யென் நம் அரை ரூபாய்க்குச் சற்று மேல். ஆனால் யென்னின் மதிப்பு நிலையானதன்று. 2024-ல் அது டாலருக்கு எதிராக 1986-க்குப் பிறகு காணாத அளவுக்குத் தாழ்ந்தது. வீட்டுக்குப் பணம் அனுப்பும் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாண்டில் கைக்கு வரும் தொகையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. 'குடியிருப்பு வரி' என ஒன்று உண்டு. அது முந்திய ஆண்டு வருமானத்தின்மேல் விதிக்கப்படுவது. ஆகவே புதிதாக வந்தவருக்கு இரண்டாம் ஆண்டில்தான் அது தலைகாட்டும். கையில் வரும் சம்பளம் குறையும். வீடு பிடிக்கும்போது முன்பணம், உரிமையாளருக்குத் திரும்பிவராத நன்றிப்பணம், உத்தரவாதக் கம்பெனிக்குக் கட்டணம் என்று சில மாத வாடகை ஒரே நாளில் போய்விடும். புறப்படும்போது கையிருப்பு தேவை.

உழைப்பு கடுமையானது. மிகைநேர வேலைக்கு 2019 முதல் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது. பொது அளவு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி. ஆட்டம் வெளிவரும் காலத்தில் அந்த எல்லை வரையிலும், சிறப்பு ஒப்பந்தம் இருந்தால் அதற்கு மேலும் வேலை நீளும். நியமனம் நிரந்தரமா, ஒப்பந்தமா என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டுத் தெளிவது கட்டாயம். நிரந்தர ஊழியரை எளிதில் நீக்கச் சட்டம் இடங்கொடாது. ஆயினும் கம்பெனியே மூடப்படுவதை யார் தடுக்க முடியும்? 2024 மே மாதத்தில் டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டூடியோவை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டன் கம்பெனி அதை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. இடைப்பட்ட மாதங்களில் அங்கிருந்தோர் வீடுகளில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

பழக்க வழக்கத்தில் இரண்டைச் சொல்வோம். 'ஹோரென்சோ' என்பது அங்கே அலுவலக வேதம். செய்ததை அறிவி, நேர்ந்ததைத் தெரிவி, ஐயம் வந்தால் கலந்துகொள் என்பது அதன் பொருள். தனியே போராடி வெற்றியோடு வந்து நிற்பதைவிட, தடுமாறும்போதே மேலதிகாரியிடம் சொல்வதை அவர்கள் மதிக்கிறார்கள். மற்றொன்று, 'ஆலோசிக்கிறோம்' என்று அவர்கள் சொன்னால் பெரும்பாலும் இல்லை என்று பொருள். பெண் பார்க்க வந்தவர்கள் 'பார்க்கலாம்' என்று சொல்லி எழுந்து போவதை அறிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று.

இல்லறமும் பெற்றோரும்

மனைவி அல்லது கணவரையும் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம். அனுமதி பெற்றால் அவர்களும் வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம். டோக்கியோவின் எடோகாவா வட்டாரத்தில் நிஷிகசாய் என்னும் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் மிகுதி. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கணினிகளில் எழுந்த தேதிச் சிக்கலைத் தீர்க்க வந்த பொறியாளர்களால் பெருகிய குடியிருப்பு அது. நம் நாட்டு மத்திய கல்வி வாரியப் பாடத்திட்டத்தைக் கற்பிக்கும் பள்ளிகள் 2004-லும் 2006-லும் டோக்கியோவில் தொடங்கப்பட்டன. கியோட்டோவிலோ ஃபுகுவோகாவிலோ வேலை கிடைத்தவருக்கு இப்பள்ளிகள் கைக்கெட்டும் தூரத்தில் இரா.

சைவ உணவினர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காய்கறிச் சாறு என்று கொடுப்பதிலும் 'கட்சுவோபுஷி' கலந்திருக்கும். அது தூத்துக்குடிப் பக்கத்தார் அறிந்த மாசிக் கருவாட்டைப் போன்றது. நிலநடுக்கம் அந்நாட்டின் அன்றாட விருந்தாளி; 2011 மார்ச் 11-ல் வந்த பேரதிர்ச்சியை உலகம் மறக்கவில்லை. பள்ளிச் சிறுவர் முதல் அலுவலகத்தார் வரை யாவரும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். நம் பிள்ளையும் பெற வேண்டும்.

இனிச் சொல்வது பெற்றோர் மனம் கொள்ள வேண்டியது. தாய் தந்தையரை நிரந்தரமாக அழைத்து வைத்துக்கொள்ள ஜப்பானில் பொதுவாக விசா இல்லை. 90 நாள் வரை விருந்தினராகப் போய் வரலாம். உயர்திறன் தகுதி பெற்றவருக்கு, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தாலோ கருவுற்றிருந்தாலோ, வருமான வரம்புக்கு உட்பட்டு விலக்கு உண்டு. மற்றபடி, மகன் அங்கே என்றால் பெற்றோர் இங்கேதான். நிரந்தரக் குடியுரிமைச் சான்று பெறப் பொதுவாக 10 ஆண்டு ஆகும். ஜப்பானியப் பிரஜையாக வேண்டுமானால் இந்தியக் குடியுரிமையை விட வேண்டும்.

டோக்கியோ நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி முன்னே ஓடுகிறது. அம்மா அடுக்களை வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு உட்காரும்போது, மகனுக்கு நள்ளிரவு கடந்து அரை மணி. சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆண்டுக்கணக்கில் அது பெரிய செய்தி.

வளையல்கள் என்ன ஆயின?

பத்தாம் நாள் அம்மையாரையும் அவர் கணவரையும் மகனையும் சங்க அலுவலகத்தில் உட்கார வைத்துப் பேசினோம். மேலே எழுதிய அனைத்தையும் சொன்னோம். அது வேலைதான், அம்மா, விளையாட்டல்ல என்றோம். ஆனால் அந்தக் காகிதத்துக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம் என்றோம். பையனுடைய முகம் வாடியது. "போக வேண்டாம் என்கிறீர்களா, மாமா?" என்று கேட்டான்.

"இப்போது இருக்கும் வேலையை விடாதே. மாலையில் மொழி படி. டிசம்பரில் தொடக்கத் தேர்வு எழுது. ஆடு புலி ஆட்டத்தை முடித்து வெளியிடு. இரண்டு மூன்று ஆண்டில் என்-2 கைக்கு வரும். உன் பெயரில் இரண்டு ஆட்டங்கள் இருக்கும். அப்போது நேராகக் கம்பெனிக்கு எழுது. வேலை கொடுத்து அவர்களே விசாவும் ஏற்பாடு செய்வார்கள். கொடாவிட்டாலும் நீ நஷ்டப்படமாட்டாய். இத்தொழில் நம் நாட்டிலும் புனே, பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களில் நடக்கிறது, ஜப்பானிய மொழி அறிந்தவருக்கு இங்கேயே வேலை உண்டு" என்றோம்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. மூன்று ஆண்டு என்பது இருபத்து நான்கு வயதில் நீண்ட காலம். தந்தையார்தான் மௌனத்தைக் கலைத்தார். "நான் இந்த ஊருக்கு வந்து மூன்றாம் வருஷம்தான் ரேஷன் கார்டு வாங்கினேன்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம், அவனும் சிரித்தான்.

வளையல்கள் கையிலேயே இருக்கின்றன. மகன் ஞாயிறுதோறும் ஜப்பானிய வகுப்புக்குப் போகிறான். அம்மையார் நம்மைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு ஜப்பானியச் சொல்லைச் சொல்லிக் காட்டுகிறார். மகன் போவானா, போய் நிலைப்பானா என்பதைக் காலம்தான் காட்டும்.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைத்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் நாடு விட்டு நாடு போக எண்ணுவதைக் குறை கூறும் உரிமை நமக்கில்லை. ஆனால் நாம் பட்டறிந்ததைச் சொல்லும் கடமை உண்டு. கையில் ஒரு தொழில், நாவில் அவ்வூர் மொழி, தலையில் கடன் இல்லாமை: இம்மூன்றோடு போகிறவருக்கு எந்த நாடும் அந்நியமாகாது. நம் சங்கத்து இல்லங்களில் இவ்வெண்ணம் உடைய இளைஞர் எவர் இருப்பினும், பணம் கட்டுமுன் ஒருமுறை சங்கத்துக்கு வந்து பேசுமாறு அன்புடன் வேண்டுகிறோம். மண்டபம் ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தே இருக்கும். ஆடு புலி ஆட்டமும் அங்கே இருக்கிறது.